சர்க்கரை: நாவின் இன்பமும் உடலின் நலமும்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் பக்தர்களுக்குக் கூறிய கதைகளுள் ஒரு வைத்தியரின் கதையும் உண்டு. தொலைவிலிருந்து வந்த நோயாளி ஒருவரை அந்த வைத்தியர் பரிசோதித்து மருந்து கொடுத்தார். உணவுப் பத்தியத்தைப் பற்றிச் சொல்ல மற்றொரு நாள் வருமாறு கூறி அனுப்பிவைத்தார். அவ்வாறே நோயாளி மீண்டும் வந்தபோது, "உணவில் கவனமாக இருங்கள், வெல்லம் சாப்பிடாதீர்கள்" என்றார். அருகிலிருந்த ஒருவருக்கு வியப்பு ஏற்பட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக நோயாளியை இத்தனை தூரம் மறுபடியும் அலைய வைக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். வைத்தியர் சிரித்தார். அன்றைய தினம் அந்த அறையில் வெல்லப்பாகு ஜாடிகள் பல இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு வெல்லத்தை விலக்கச் சொன்னால், 'இவரே இதைச் சாப்பிடுகிறார், ஆகவே இது அவ்வளவு கெடுதலாக இருக்காது' என்றுதான் நோயாளி நினைத்திருப்பார் என்று விளக்கினார்.

துறவியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லப்பட்ட கதை இது. எனினும் இல்லறத்தாருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்று பெரும்பாலான இல்லங்களின் சமையலறைகளில் அந்த ஜாடிகள் இருக்கின்றன. குழந்தைக்கு மிட்டாய் வேண்டாம் என்று சொல்லும் தந்தையின் கையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் இருக்கிறது. உடல் பருமனைக் குறைக்க வேண்டும் என்று கவலைப்படும் தாய், விருந்தினர் வந்தால் இனிப்பு வைக்காமல் அனுப்புவதைக் குறையாக நினைக்கிறார். ஆகவே, சர்க்கரை உடலுக்கு என்ன செய்கிறது, எந்த அளவுவரை அது உணவு, எந்த அளவுக்கு மேல் அது சுமை என்பதை ஆராய்ந்து அறிவது ஆன்மிக சாதகருக்கும் அவசியமாகிறது.

பாரதம் தந்த இனிமை

சர்க்கரை உலகுக்குப் பாரதம் அளித்த கொடை. 'சர்க்கரா' என்ற சமஸ்கிருதச் சொல்லே பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. தேனீக்களின் உதவியின்றித் தேனைத் தரும் நாணல் ஒன்று இந்நாட்டில் வளர்கிறது என்று அலெக்ஸாண்டருடன் வந்த தளபதி நியார்க்கஸ் கரும்பைப் பற்றிக் குறிப்பிட்டார். ஏழாம் நூற்றாண்டில் சீனச் சக்கரவர்த்தி ஒருவர், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்குத் தூதுவர்களை அனுப்பினார்.

சர்க்கரையைக் கண்டறிந்த இதே நாடு அதனால் வரும் தீங்கையும் முன்பே அறிந்திருந்தது. சரகரும் சுஸ்ருதரும் 'பிரமேகம்', 'மதுமேகம்' என்ற பெயர்களில் இந்நோயை விரிவாக வர்ணித்திருக்கிறார்கள். நோயாளியின் சிறுநீர் தேனைப் போல இனிப்பதையும், எறும்புகள் அதை நாடி வருவதையும் அக்கால வைத்தியர்கள் கவனித்தனர். சுஸ்ருதர் இந்நோயை இரு வகையாகப் பிரித்தார். ஒன்று பிறவியோடு வருவது. அதற்கு ஆளானவர் மெலிந்து போவார். மற்றொன்று தகாத உணவாலும் தகாத பழக்கங்களாலும் வருவது. அதற்கு ஆளானவர் பருத்த உடலும் பெருந்தீனியும் உடையவராக, உட்கார்ந்திருப்பதிலும் உறங்குவதிலும் விருப்பம் கொண்டவராக இருப்பார். சரகர் கூறும் காரணங்களின் வரிசையில் சுகமாக அமர்ந்திருப்பது, சுகமாக உறங்குவது, புது தானியம் ஆகியவற்றோடு வெல்லத்தால் செய்த பண்டங்களும் இடம்பெறுகின்றன. மேசையின் முன் நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரியும் இன்றைய மனிதனைப் பார்த்து எழுதியதுபோலவே அவரது சொற்கள் அமைந்துள்ளன.

இன்றைய நிலை

உலகிலேயே மிக அதிகமாகச் சர்க்கரையைப் பயன்படுத்தும் நாடு இந்தியா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நாடு முழுவதும் நடத்தப்பட்ட பெரும் ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயின் முந்தைய நிலையில் இருக்கிறார்கள். வயது வந்தோரில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன் உடையவர்கள்.

இந்தியர்களுக்கு ஒரு தனிப்பட்ட அபாயமும் உண்டு. பார்வைக்குப் பருமனாகத் தோன்றாதவருக்குக்கூட வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அதனால்தான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்று இந்திய மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தைவிட ஒரு சாதாரண அளவுநாடா பல சமயங்களில் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

இந்த நிலைக்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. பரம்பரை, உடலுழைப்பின்மை, உறக்கக் குறைவு, பட்டை தீட்டிய அரிசியையும் மைதாவையும் அளவுக்கு மிஞ்சி உண்பது, எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகிய அனைத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இவற்றுள் உடலுக்குத் தேவையே இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரைதான். மூளைக்கு குளுக்கோஸ் தேவை என்பது உண்மையே. அதை அரிசி, கோதுமை, பருப்பு, பழம் ஆகியவற்றிலிருந்து உடலே தயாரித்துக்கொள்ளும். அதற்காகச் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை.

உடலினுள் நிகழ்வது

வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு துகளும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்னும் இரு பொருள்கள் இணைந்தது. குடலில் இவை பிரிகின்றன. குளுக்கோஸ் விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள்ளும் பிற உறுப்புகளுக்குள்ளும் செலுத்துவதற்காகக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உழைக்கும் உடல் அந்த குளுக்கோஸை உடனே செலவழித்துவிடும். உழைக்காத உடலிலோ எஞ்சியது கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது உடலின் திசுக்கள் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. நீரிழிவின் வாசல் இவ்வாறுதான் திறக்கிறது.

ஃப்ரக்டோஸின் பாதை வேறு. அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டியிருக்கிறது. அளவோடு வந்தால் கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். அளவு மீறினால் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. மது அருந்தாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்களின் கதை எல்லோரும் அறிந்ததே. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. எவ்வளவு உண்கிறோம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதும் இங்கே முக்கியமாகிறது.

எடை கூடுவது எவ்வாறு?

ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி ஆற்றல் உண்டு. அரிசி மாவிலும் ஏறக்குறைய இதே அளவுதான். அப்படியானால் சர்க்கரையை மட்டும் ஏன் குறை கூற வேண்டும் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனத்திற்காக நடத்தப்பட்டு 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இதற்கு விடை தருகிறது. சர்க்கரையைக் குறைத்துக்கொண்ட பெரியவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்தது; கூட்டிக்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு எடை கூடியது. ஆனால் சர்க்கரைக்குப் பதிலாக அதே கலோரி அளவுக்கு வேறு மாவுப்பொருளை உண்டவர்களின் எடை மாறவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. சர்க்கரையில் மாய சக்தி எதுவும் இல்லை. அது வயிற்றை நிரப்பாமலேயே உடலில் ஆற்றலைச் சேர்த்துவிடுகிறது என்பதே அதன் குற்றம். இரண்டு சப்பாத்திகள் உண்டவருக்கு உண்ட நினைவும் நிறைவும் இருக்கும். அதே ஆற்றலைக் குளிர்பானமாகக் குடித்தவர் சற்று நேரத்தில் வழக்கம்போல் உணவுக்கு அமர்ந்துவிடுவார். திரவ வடிவில் வரும் இனிப்பை வயிறு கணக்கில் வைப்பதில்லை. இனிப்புப் பானங்களை நாள்தோறும் அருந்துவோருக்கு எடையும் நீரிழிவு அபாயமும் கூடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி கொண்ட ஒரு பாட்டில் என்றால் 30 கிராம். அதாவது ஆறு கரண்டி.

குளிர்பானத்தைத் தொடாத இல்லங்களிலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு நான்கு வேளை தேநீர் அருந்துகிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால் நாளுக்கு 40 கிராம். மாதத்திற்கு 1 கிலோ 200 கிராம். ஆண்டுக்கு 14 கிலோ 600 கிராம். பண்டிகை இனிப்பு, பிஸ்கட், ஜாம், திருமண விருந்து எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எவ்வளவு போதும்? நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 2,000 கலோரி உண்பவருக்கு முதல் அளவு 50 கிராம். இரண்டாவது 25 கிராம். மேலே கண்ட நான்கு வேளைத் தேநீர் மட்டுமே இரண்டாவது அளவைத் தாண்டிவிடுகிறது.

வெல்லமும் தேனும் விதிவிலக்கா?

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு வெல்லத்திற்கு மாறிவிட்டதால் இனி அச்சமில்லை என்று பலர் கருதுகிறார்கள். வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு. அதன் மணமும் சுவையும் தனியானவை. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. தேனிலும் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். இரத்தத்தில் சர்க்கரையின் அளவை இவை உயர்த்தவே செய்யும். பழச்சாறும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. முழுப் பழத்தை உண்ணும்போது அதிலுள்ள நார்ப்பொருள் சர்க்கரையை மெதுவாக விடுவிக்கிறது, வயிறும் நிறைகிறது. நான்கு ஆரஞ்சுகளைப் பிழிந்தால் ஒரே மூச்சில் குடித்துவிடலாம். நான்கையும் உரித்துத் தின்பது எளிதல்ல.

செயற்கை இனிப்புகளைப் பொறுத்தவரை, உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக அவற்றை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும். மற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. செயற்கை இனிப்பு சர்க்கரையை அகற்றுகிறதே தவிர, இனிப்பின் மீதுள்ள ஆசையை அகற்றுவதில்லை.

நாவும் மனமும்

இங்கேதான் மருத்துவம் நிற்கும் இடத்திலிருந்து ஆன்மிகம் தொடங்குகிறது. சர்க்கரையின் தீமையை அறியாதவர்கள் இன்று குறைவு. அறிந்தும் விட முடியாதவர்களே மிகுதி. அறிவுக்கும் செயலுக்கும் இடையே நிற்பது நாக்கு.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் இன்பத்தை மூவகையாகப் பிரிக்கிறார். தொடக்கத்தில் நஞ்சுபோலத் தோன்றி முடிவில் அமுதமாவது சாத்விக இன்பம். தொடக்கத்தில் அமுதமாக இருந்து முடிவில் நஞ்சாவது ராஜஸ இன்பம். புலனும் பொருளும் சேர்வதால் பிறக்கும் இன்பத்தை அவர் இந்த இரண்டாவது வகையில் வைக்கிறார். சர்க்கரைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார். உணவைத் துறந்தவனை விட்டுப் பொருள்கள் விலகினாலும் சுவையின் மீதுள்ள பற்று விலகுவதில்லை. பரம்பொருளைக் கண்டபின்பே அதுவும் விலகும் என்கிறார். ஆறாம் அத்தியாயத்திலோ, மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்று நடுவழியைக் காட்டுகிறார்.

ஸ்ரீமத் பாகவதத்தில் வரும் அவதூதர் இருபத்து நான்கு குருமார்களைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் மீனும் ஒன்று. தூண்டிலில் வைத்த இரையைச் சுவைக்க விரும்பி மீன் உயிரை இழக்கிறது. பிற புலன்கள் அடங்கினாலும் நாவை அடக்காதவன் புலன்களை வென்றவனாக மாட்டான் என்பது அவதூதர் மீனிடம் கற்ற பாடம். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியில் மருந்தைச் சொல்லாமல் உணவின் அளவைச் சொன்னதும் இக்கருத்துப் பற்றியே. சுவாமி விவேகானந்தரும் பொரித்த பண்டங்களையும் கடைத்தெரு இனிப்புகளையும் வன்மையாகக் கண்டித்திருக்கிறார். நீரிழிவின் துன்பத்தைத் தம் உடலிலேயே அனுபவித்தவர் அவர்.

பிரசாதத்தை மறுக்கலாமா?

பக்தர்களின் மனத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. இறைவனுக்குப் படைத்த இனிப்பை எப்படி மறுப்பது? திருப்பதியின் லட்டும், பொற்கோவிலின் கடா பிரசாதமும், வங்கத்தின் சந்தேஷும் வெறும் பண்டங்கள் அல்லவே. அவற்றை ஒதுக்கினால் அபசாரம் ஆகாதா?

இந்தத் தயக்கத்திற்கு விடை ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்விலேயே கிடைக்கிறது. புரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தை அவர் பெரிதும் போற்றினார். உலர்ந்த அந்த அன்பிரசாதத்தில் ஓரிரு பருக்கைகளை நாள்தோறும் பக்தியோடு ஏற்பது அவரது வழக்கம். பிரசாதத்தின் புனிதம் அதன் அளவில் இல்லை. ஏற்கும் மனத்தில் இருக்கிறது. ஒரு துளியைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டுக்கொண்டு எஞ்சியதைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பவர் பிரசாதத்தை மறுத்தவர் ஆகமாட்டார். இரண்டாவது லட்டைக் கேட்பவர்தான் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அவரை நகர்த்துவது பக்தியா, நாவா என்று. வழங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. போதும் என்று கைகூப்புபவரின் இலையில் வற்புறுத்தி இனிப்பை வைப்பது அன்பின் அடையாளம் ஆகாது.

நடைமுறைச் சாதனை

காந்தியடிகள் 1915-இல் நிறுவிய ஆசிரமத்தின் விரதங்களுள் ஒன்று 'அஸ்வாதம்'. சுவைக்காக உண்ணாமல் உடலைப் பேணுவதற்காக உண்பது என்பது அதன் பொருள். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது நோயுற்றிருந்த கஸ்தூரிபா அம்மையாரை உப்பையும் பருப்பையும் விடுமாறு அவர் வேண்டினார். உங்களாலும் அவற்றை விட முடியாது என்று அம்மையார் சொன்னதும், ஓராண்டுக்கு இரண்டையும் விடுவதாக அக்கணமே சபதம் ஏற்றார். அதன்பின் அம்மையாரும் விட்டார். வைத்தியர் தம் ஜாடிகளை மறைத்தார். காந்தியடிகளோ ஜாடியையே காலி செய்தார்.

இல்லறத்தில் இருப்பவர்கள் படிப்படியாக இச்சாதனையில் இறங்கலாம்.

முதலாவது, ஒரு வாரத்திற்கு வீட்டில் செலவாகும் சர்க்கரையை அளந்து குறித்துக்கொள்வது. பெரும்பாலோர் தாம் உண்ணும் அளவை அறியாதவர்களே. அறிந்த அன்றே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, தேநீரிலும் காப்பியிலும் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைப்பது. சட்டென்று நிறுத்துவதைவிட இது நிலைத்து நிற்கும். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதன்பின் பழைய இனிப்பே திகட்டும்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாளைச் சர்க்கரை சேர்க்காத நாளாக இறைவனுக்கு அர்ப்பணிப்பது. குடும்பம் முழுவதும் சேர்ந்து ஏற்றால் விரதம் எளிதாகும்.

நான்காவது, தாகத்திற்குத் தண்ணீர், மோர், எலுமிச்சை நீர் ஆகியவற்றையே அருந்துவது. இனிப்புப் பானங்களை வீட்டில் வாங்கி வைக்காதிருப்பது.

ஐந்தாவது, பாக்கெட்டில் அடைத்த உணவுகளின் மேலுறையைப் படிப்பது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் என்ற பெயர்களில் மறைந்திருப்பதும் சர்க்கரையே.

ஆறாவது, உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பது. உண்ட சர்க்கரையைத் தசைகள் செலவழித்துவிடும்.

பள்ளிகளும் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன. மாணவர்கள் உண்ணும் பண்டங்களில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. பள்ளியின் சுவரில் படித்ததைக் குழந்தை வீட்டின் சமையலறையிலும் காண வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் தாமாக விரதம் இருப்பதும், மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படும்போது உடனே சர்க்கரை உண்பதே அவர்களுக்கு மருந்து. அந்த நேரத்தில் விரதத்தை முறிப்பது பாவமல்ல. உடலைக் காப்பதே அப்போதைய தர்மம். உணவு மாற்றங்களை மருத்துவரிடம் கலந்து செய்வதே முறை.

உடல் இறைவன் அளித்த கருவி. சேவைக்கும் சாதனைக்கும் அது நெடுநாள் பயன்பட வேண்டும். இனிப்பு வெறுக்கத்தக்கது அல்ல. பண்டிகை நாளில் ஒரு துண்டு இனிப்பை எல்லோரோடும் பகிர்ந்து மகிழ்வதில் குற்றம் இல்லை. நாள்தோறும் நினைவின்றி உள்ளே செல்லும் இனிப்பே உடலைச் சுமையாக்குகிறது, மனத்தையும் அடிமையாக்குகிறது. வீட்டுக் குழந்தை நாளை எதை உண்ணும் என்பதைப் பெற்றோரின் அறிவுரை தீர்மானிப்பதில்லை. அவர்களது தேநீர்க் குவளை தீர்மானிக்கிறது. வைத்தியரின் அறையிலிருந்து ஜாடிகள் நீங்கிய பிறகே அவர் சொல்லுக்கு வலிமை வந்தது.